சம்பளம் கூட்டியும் ஆட்கள் ஏன் நிற்பதில்லை? வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் பதில்

கோவையில் சாஃப்ட்வேர் சேவை நிறுவனம் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. ஒரே வருடத்தில் 40 பேரிலிருந்து 110 பேராகிவிட்டோம். அதே வருடத்தில் 28 பேர் வேலையை விட்டுப் போனார்கள். போகிறேன் என்றவர்களுக்கெல்லாம் சம்பளம் கூட்டிக் கொடுத்தோம், அவர்களிலும் பாதிப் பேர் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். இனி சேருகிறவர்களிடம் இரண்டு வருட பாண்ட் (அதற்கு முன் விலகினால் பணம் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்) எழுதி வாங்கலாமா? கேள்வியின் கடைசி வரி பாண்டைப் பற்றியது என்றாலும், உண்மையில் நீங்கள் கேட்பது வேறு. ஆள் எடுக்கிற வேகத்துக்கு ஈடாக, எடுத்த ஆட்களை வேர்பிடிக்க வைப்பது எப்படி என்பதுதான் அது. பாண்ட் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், அந்த 28 பேரை ஒரே கூட்டமாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். அவர்கள் குறைந்தது மூன்று வகை ஆட்கள், மூன்று வேறு காரணங்களுக்காகப் போயிருப்பார்கள். எல்லோருக்கும் சம்பளம் என்ற ஒரே மருந்தைக் கொடுத்ததால்தான் அது பாதிப் பேரிடம் வேலை செய்யவில்லை.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹெச்.ஆர். ரிப்போர்ட்டில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, போனவர்கள் எண்ணிக்கையைச் சராசரி ஆட்பலத்தால் வகுப்பார்கள். தொடக்கத்தில் 40, முடிவில் 110, சராசரி 75. 28ஐ 75ஆல் வகுத்தால் 37 சதவீதம். வேகமாக வளரும் கம்பெனியில் இந்த எண் இரண்டு விதத்தில் ஏமாற்றும். புதிதாக ஆள் சேரச் சேர வகுக்கும் எண் பெருத்து, நிலைமை உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் தெரியும். அதே சமயம், எந்த ஊரிலும் எந்தத் தொழிலிலும் புதியவர்கள்தான் அதிகம் விலகுவார்கள் என்பதால், புதியவர்கள் நிறைந்த கம்பெனியில் எண் இயல்பாகவே ஏறியும் நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்போது, 37 என்ற எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

அதற்குப் பதில், சேர்ந்த காலாண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு எக்செல் தாள் போதும். ஒவ்வொருவருக்கும் சேர்ந்த தேதி, போன தேதி, யார் டீம், எந்த கிளையண்ட், சேரும்போது சம்பளம், போகும்போது சம்பளம், இவ்வளவுதான். உதாரணமாக, பழைய 40 பேரில் போனவர்கள் 9 என்று வையுங்கள். அது 22.5 சதவீதம். புதிதாகச் சேர்ந்த 98 பேரில் (40உடன் 98ஐக் கூட்டி, போன 28ஐக் கழித்தால் 110) போனவர்கள் 19. மேலோட்டமாகப் பார்த்தால் 19 சதவீதம்தானே, புதியவர்கள் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அந்த 98 பேரில் பலர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது, அவர்களுக்குப் போக நேரமே கிடைக்கவில்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்ந்த 30 பேரை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அதில் 11 பேர் வருட முடிவுக்குள் போயிருந்தால், 37 சதவீதம். அந்த எண்தான் அடுத்த வருடம் மற்ற 68 பேரிடம் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்கிறது. இது என் ஊகத்தில் எழுதிய பிரிப்பு, உங்கள் எண்கள் வேறாக இருக்கும். பிரித்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிரித்த பிறகு, எத்தனையாவது மாதத்தில் போனார்கள் என்று பாருங்கள். முதல் 90 நாளுக்குள் போனவர்கள் பெரும்பாலும் நேர்காணலில் சொன்னதும் வந்து பார்த்ததும் ஒத்துப்போகாததால் போனவர்கள். நான்கிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் போகிறவர்களை ஒரே டீமிலிருந்தோ ஒரே டீம் லீடின் கீழிருந்தோ கொத்தாகப் பார்ப்பீர்கள். ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டரை வருடம் ஆனவர்கள் போனால் வெளிச் சந்தைச் சம்பளம், அடுத்த படி என்ன என்ற கேள்வி. மூன்று வருடத்துக்கு மேல் இருந்த பழையவர்கள் போவதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. கம்பெனியின் வேலை முறை அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது, எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

முதல் 90 நாளில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஆஃபர் லெட்டரில் ஆரம்பிக்கிறது. வருடத்துக்கு 6 லட்சம் சி.டி.சி. (ஒரு ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்கிறோம். வருகிறவர் மனதில் மாதம் 50,000, பிடித்தம் போக 47, 48 கையில் வரும் என்று கணக்குப் போட்டு, பீளமேட்டில் வாடகைக்கு வீடு பார்த்து, பைக்குக்கு தவணை கட்ட ஒப்புக்கொண்டிருப்பார். இப்போது உண்மைக் கணக்கு. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது 25,000. வேரியபிள் பே (மாதாமாதம் வராமல், நிபந்தனையோடு பிறகு தரும் பகுதி) 10 சதவீதம் என்றால் மாதத்துக்கு 5,000 நின்றுவிடும். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் 3,000, அதுவும் சி.டி.சி.க்குள். ஊழியர் பங்கு இன்னொரு 3,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், 1,202 ரூபாய். மீதி 37,798. இன்ஷூரன்ஸ் பிரீமியம், தொழில்வரி எல்லாம் இன்னும் இருக்கிறது. முதல் மாதச் சம்பள எஸ்.எம்.எஸ். வந்த அன்று அவர் வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். அன்றே வேலை தேடும் இணையதளமான நௌக்ரியில் தன் ப்ரொஃபைலைத் திறந்து விடுவார். அந்த கிராஜுவிட்டி வேறு, நிரந்தர ஊழியராக ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். உங்கள் கம்பெனியில் பெரும்பாலானோர் கண்ணாலும் பார்க்காத பணத்தை அவர்கள் சம்பளமாகக் காட்டுகிறோம்.

இதைச் சரிசெய்யச் செலவே கிடையாது. ஆஃபர் லெட்டருடன் ஒரு பக்கத் தாளில் 'உங்கள் வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் வரும் தொகை' என்று ஒரே எண்ணை மேலே எழுதி, கீழே பிடித்தங்களை வரிசையாகக் காட்டுங்கள். வேரியபிள் பே எப்போது வரும், போன வருடம் அதில் எத்தனை சதவீதம் உண்மையில் கொடுத்தோம் என்றும் எழுதுங்கள். இதைப் பார்த்துச் சிலர் ஆஃபரை மறுப்பார்கள். மறுக்கட்டும். சேர்ந்து இரண்டு மாதத்தில் போகிற ஆளைவிட, சேராத ஆளால் நட்டம் குறைவு. நேர்காணலில் வேலையைப் பற்றிச் சொல்வதிலும் இதே நேர்மை வேண்டும். புது ப்ராடக்ட் டெவலப்மெண்ட் என்று சொல்லி எடுத்துவிட்டு, பத்து வருடப் பழைய ஆப்புக்கு சப்போர்ட் டிக்கெட் பார்க்கச் சொன்னால், இரவு எட்டு மணிக்குக் கிளையண்டோடு போனில் பேச வேண்டியிருப்பதை முன்பே சொல்லாவிட்டால், எந்தச் சம்பளமும் அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டாது.

அடுத்தது முதல் நாள். வேகமாக வளரும் கம்பெனியில் இது எப்படி நடக்கிறது என்றால், ஒன்பதரைக்கு வந்தவர் பதினொன்றரை வரை ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருப்பார். லேப்டாப் ஆர்டர் போட்டிருக்கிறது, வியாழக்கிழமை வரும். மெயில் ஐ.டி. இன்னும் திறக்கவில்லை. டீம் லீட் கிளையண்டோடு போனில் இருக்கிறார். மதியம் யாருடன் சாப்பிடுவது என்று தெரியாமல் டிபன் பாக்ஸை பையிலேயே வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளைத் தேடிப்பிடிக்க இரண்டு மாதம் அலைந்தோம், வந்தவருக்கு ஒரு நாற்காலியை ஒதுக்க மறந்துவிட்டோம். சேரும் தேதிக்கு ஐந்து வேலை நாள் முன்பே லேப்டாப், மெயில், ரெபாசிட்டரி (ப்ரோகிராம்களைச் சேமித்து வைக்கும் இடம்) அனுமதி மூன்றும் தயாரா என்று ஒருவர் பெயரில் பொறுப்பு எழுதுங்கள், 'ஐ.டி. டீம் பார்க்கும்' என்று விடாதீர்கள். அதே டீமில் ஆறு மாதமாவது ஆன ஒருவரைத் துணையாகப் போடுங்கள். மிகப் பழையவர் வேண்டாம், புதியவருக்கு என்ன தெரியாது என்பதே அவருக்கு மறந்திருக்கும். முதல் வாரத்துக்குள் சின்னதாக ஒரு வேலை, ஒரு பக்கத்தில் ஒரு பட்டனைச் சரிசெய்வதாக இருந்தாலும், முடித்து ப்ராஜெக்டில் சேர்ந்துவிட வேண்டும். 7, 30, 60, 90 ஆகிய நாட்களில் ஹெச்.ஆர். ஒருவர் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். 30ஆம் நாள் பேச்சில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'நேர்காணலில் சொன்னதற்கும் இங்கே இருப்பதற்கும் எங்கே வித்தியாசம்?' 'எல்லாம் ஓகேவா?' என்று கேட்டால் ஓகே என்றுதான் பதில் வரும்.

இனி நான்கிலிருந்து பன்னிரண்டு மாதத்தில் போகிறவர்கள். உங்கள் பிரச்சினையின் நடு இதுதான் என்று நினைக்கிறேன். 40 பேர் இருந்தபோது எல்லோரும் உங்களை நேரே பார்த்துப் பேசினார்கள். அப்போது டீம் லீட் என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை, நீங்கள்தான் எல்லோருக்கும் லீட். 110 ஆனபோது அவசரமாகப் பத்துப் பன்னிரண்டு பேரை லீட் ஆக்கியிருப்பீர்கள். யாரை ஆக்கியிருப்பீர்கள்? நன்றாகக் கோடு (கம்ப்யூட்டர் ப்ரோகிராம்) எழுதியவர்களை. அவர்களுக்கு ஆளை நடத்தும் வேலையை யாரும் கற்றுத்தரவில்லை, பழைய வேலையையும் குறைக்கவில்லை. முழுநேரம் கோடு எழுதிக்கொண்டே, பன்னிரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டின பிறகுதான் மற்றவர்கள் எழுதிய ப்ரோகிராமை ரிவ்யூ செய்ய, அதாவது சரிபார்க்க, உட்காருவார். புதியவர் அனுப்பிய வேலை நான்கு நாள் ரிவ்யூவில் கிடக்கும். ஐந்தாம் நாள் கிளையண்ட் திட்டும்போது, அந்த எரிச்சல் புதியவர் மேல் விழும்.

இந்த இடத்தில் பேச்சு மரியாதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கொங்கு வட்டாரத்தில் வீட்டில் சின்னப் பையனைக்கூட 'வாங்க, சாப்பிடுங்க' என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளைகள் உங்கள் அலுவலகத்தில் நிறைய இருப்பார்கள். பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கும் போன் மீட்டிங்கில், 'என்னய்யா பண்ணி வெச்சிருக்க, படிச்சுட்டுத்தானே வந்த' என்று லீட் கேட்டால், லீட் அதை அரை மணியில் மறந்துவிடுவார். திட்டு வாங்கியவர் அன்று இரவே ரெஸ்யூமேயைத் திருத்துவார். நான்கு மாதம் கழித்துப் போகும்போது 'பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் எக்செல் தாளில் அது சம்பளக் காரணமாகப் பதிவாகும். தவறைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது, நிறைய பேர் முன்னால் 'நீங்க' என்றே பேசுவது, இரண்டையும் லீட்களுக்கு எழுத்துப்பூர்வ விதியாகவே வைக்கலாம்.

லீட்களுக்குச் செய்ய வேண்டியது இதைவிடப் பெரியது. ஒரு லீடின் கீழ் ஏழு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். அவருடைய சொந்த கோடு வேலையைப் பாதிக்கும் கீழே கொண்டுவாருங்கள், கிளையண்டுக்கு பில் போடும் மணி நேரத்திலும் அதைக் கழித்துவிடுங்கள். பில்லிங்கில் நூறு சதவீதம் காட்டிவிட்டு, ஆட்களையும் பார் என்பது நடக்காத காரியம். இதனால் மாத வருமானத்தில் சில லட்சம் குறையும். அதை முதலாளியாக நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்ற எதுவும் நிலைக்காது. பிறகு, லீட் ஒவ்வொருவருடனும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். ப்ராஜெக்ட் நிலவரம் பேச வேறு மீட்டிங் இருக்கிறது, இது அதற்கானது அல்ல. போன இரண்டு வாரத்தில் எந்த இடத்தில் வேலை முட்டிக்கொண்டு நின்றது, எந்த மாதிரி வேலை இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும், முன்பு கேட்டு நான் செய்யாமல் விட்டது எது என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விதான் நம்பிக்கையை உண்டாக்கும். எட்டுப் பேருக்கு மாதம் எட்டு மணி நேரம் ஆகும். 'நேரமில்லை' என்று லீட் சொன்னால், அவரிடம் கோடு வேலை இன்னும் குறையவில்லை என்று அர்த்தம். ஆள் நடத்தும் வேலை பிடிக்காத நல்ல ப்ரோக்ராமரை லீட் ஆக்கியே தீர வேண்டியதும் இல்லை. அவருக்கு டெக்னிக்கல் பக்கம் சம அந்தஸ்து, சம சம்பளத்தில் ஒரு படி வையுங்கள். அப்படி ஒரு படி இல்லாததால்தான் பலர் சம்பளத்துக்காக லீட் ஆகிறார்கள், பிறகு தானும் நொந்து டீமையும் நோகடிக்கிறார்கள்.

பழையவர்கள் போவதன் காரணம் பெரும்பாலும் ஒரே கணக்கில் அடங்கும். 2022இல் 4.2 லட்சத்துக்குச் சேர்ந்தவர், வருடம் 10 சதவீதம் உயர்வு வாங்கி மூன்று வருடத்தில் 5.59 லட்சத்துக்கு வந்திருப்பார். நீங்கள் வேகமாக வளர்வதால், அதே மூன்று வருட அனுபவமுள்ள ஒருவரை வெளியிலிருந்து 7.5 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள். வந்தவருக்கு கிளையண்ட் யார், எழுதிய ப்ரோகிராமைப் பயன்பாட்டுக்கு விடுவது (டெப்ளாய்மெண்ட்) எப்படி என்று இரண்டு மாதம் உட்கார்ந்து சொல்லித்தருகிறவர் அந்தப் பழையவர். சம்பள விவரம் ரகசியம் என்று ஹெச்.ஆர். சொல்லும், டீக்கடையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்குப் பணத்தைவிட வலிப்பது, விட்டுப் போகாமல் இருந்ததற்குத் தண்டனையாக அது தெரிவதுதான்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு பதவிக்கும், இன்று வெளியிலிருந்து ஆள் எடுத்தால் என்ன கொடுப்போம் என்று ஒரு நடுத்தொகை எழுதுங்கள். மேலே சொன்னவருக்கு அது 7 லட்சம் என்று வையுங்கள். அவர் சம்பளத்தை அதால் வகுத்தால் 0.80. இப்படி எல்லோருக்கும் போட்டு, 0.85க்குக் கீழே இருப்பவர்களில் நாளைக்குப் போனால் வேலை நிற்கும் என்பவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரை 0.92க்கு உயர்த்த 6.44 லட்சம், அதாவது வருடத்துக்கு 85,000 கூடுதல். அவர் போய் 7.5 லட்சத்துக்கு ஆள் எடுத்தால், ஆள் பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளம் சுமார் 62,000, சம்பள வித்தியாசம் 1.91 லட்சம், வேலை பழகும் மூன்று மாதத்தில் பாதி உழைப்பு வீண் என்றால் சுமார் 94,000. முதல் வருடத்தில் மட்டும் மூன்றரை லட்சத்தை நெருங்கிவிடும். இடம் காலியாகக் கிடந்த வாரங்களை இதில் சேர்க்கவில்லை. இந்தத் திருத்தத்தை வருடாந்தர உயர்வோடு கலக்காதீர்கள். தனியே கூப்பிட்டு, 'உங்கள் சம்பளம் சந்தையைவிடப் பின்தங்கிவிட்டது, அது எங்கள் தவறு, இந்த மாதத்திலிருந்து சரிசெய்கிறோம்' என்று எண்ணோடு சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே வருடத்தில் செய்யப் பணமில்லை என்றால், இரண்டு தவணையில் எப்போது என்று தேதியோடு சொல்லுங்கள்.

ராஜினாமா கடிதம் வந்த பிறகு கொடுக்கும் உயர்வுக்கு இந்த மரியாதை கிடையாது. கேட்டு வாங்கியது என்ற நினைப்பு இரண்டு பக்கமும் தங்கிவிடும். டீமில் இன்னும் ஏழு பேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உயர்வு வேண்டுமானால் வெளியே ஒரு ஆஃபர் வாங்கி வா என்று கம்பெனியே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். உங்களிடம் உயர்வு வாங்கியும் பாதிப் பேர் ஆறு மாதத்தில் போனது இதனால்தான். அவர்களைக் கிளப்பிய பழைய காரணம் அப்படியே இருந்தது. மிக அரிதாக, ஒரு ரிலீஸ் முடியும் வரை ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றால், நிரந்தர உயர்வுக்குப் பதில் அந்தத் தேதி வரைக்குமான தனித்தொகை என்று வெளிப்படையாகப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இப்போது பாண்ட். சட்டத்தில் உறுதியாக இருப்பவை: 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற நிபந்தனை செல்லாது. வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை வேறு, குறைந்தபட்ச வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு தொகை என்பதை நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, எல்லோருக்கும் திறந்த போட்டி நடத்தி ஆள் எடுக்க ஆகும் செலவையும் காலத்தையும் கணக்கில் எடுத்தே அப்படிச் சொன்னது. 74ஆம் பிரிவு நியாயமான ஈட்டுத் தொகைக்கு மேல் போக விடாது. அதனால் நீங்கள் உண்மையில் பணம் செலவழித்து சர்டிஃபிகேஷன் பயிற்சி கொடுத்தால், அந்தச் செலவை மாதாமாதம் குறையும் கணக்கில் எழுதிக்கொள்வது தாங்கும். பயிற்சியே இல்லாமல் 'இரண்டு வருடம், 3 லட்சம்' என்பது பெரும்பாலும் மிரட்டல் காகிதம்தான். எழுதும் முன் ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டுங்கள், இந்த இடத்தில் என் பதில் போதாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள். நல்ல ஆள் அந்த வரியைப் பார்த்ததும் சேரமாட்டார், வேறு வழியில்லாதவர்தான் சேருவார். பாண்ட் நிறுத்தி வைப்பது உடம்பை, கிளையண்டுக்குத் தேவைப்படுவது மனசு.

90 நாள் நோட்டீஸ் பீரியடும் இதே கதை. ராஜினாமா கொடுத்தவர் நௌக்ரியில் 'நோட்டீஸ் பீரியடில் இருக்கிறார்' என்று மாற்றிய நொடியிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். மூன்று மாதத்தில் இரண்டாவது, மூன்றாவது ஆஃபர் வாங்கி இன்னும் அதிகச் சம்பளத்துக்குத்தான் போவார். அந்த மூன்று மாதமும் டீமின் நடுவில் உட்கார்ந்து சந்தை நிலவரம் சொல்லிக்கொண்டிருப்பார். வேலையை ஒப்படைக்க எவ்வளவு நாள் உண்மையில் வேண்டுமோ அதற்கு மட்டும் வையுங்கள். இரண்டு வருடத்துக்குட்பட்டவர்களுக்கு 30 நாள், லீட்களுக்கு 60 நாள் போதும் என்பது என் கருத்து.

நீண்ட காலம் இருப்பதற்கான பணம் என்றால், பங்கு, ரொக்கம் இரண்டு வழி. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற சாஃப்ட்வேர் நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அது பங்கை விற்க ஒரு சந்தை கிடைத்ததால் நடந்தது. பட்டியலிடும் எண்ணமே இல்லாத 110 பேர் சேவை நிறுவனத்தில் பங்கு விருப்பம் (பிறகு குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) கொடுத்தால், ஊழியர் அதைப் பங்காக மாற்றும்போதே பங்கின் மதிப்புக்கும் அவர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாக வரிக்குட்படும், விற்க ஆள் கிடையாது, வரி கட்டக் கையிலிருந்து பணம் போட வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுப்பது ஏமாற்று. உங்கள் ஊரிலேயே கோவை.கோ என்ற நிறுவனம் 2022இல் அறிவித்த திட்டப்படி, 140க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 14 கோடி ரூபாயை ரொக்க போனஸாகத் தருவதை 2025 தொடக்கத்தில் ஆரம்பித்தது. இதில் படிக்க வேண்டியது தொகையை அல்ல. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று முன்பே சொல்லி, சொன்னபடி கொடுத்ததுதான் பாடம். நீங்கள் செய்வதாக இருந்தால் மூன்றாம் வருட முடிவில் மொத்தமாக வைக்காதீர்கள், பணம் வந்த மறுமாதம் கொத்தாக ராஜினாமா வரும். 18, 30, 42ஆம் மாதங்களில் பிரித்துக் கொடுங்கள். சென்னையில் 2022இல் கிஸ்ஃப்ளோ ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ. கார் கொடுத்ததும், ஐடியாஸ்டுஐடி நூறு பேருக்கு மாருதி கார் கொடுத்ததும் செய்தியானது. அவை பல வருடம் ஏற்கனவே இருந்தவர்களுக்கு நன்றியாகக் கொடுத்தவை, அதைப் பார்த்து நேற்று சேர்ந்தவர் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

பெண் ஊழியர்கள் போவதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். 'கல்யாணம், குழந்தை' என்று எழுதி அந்தக் கணக்கை மூடிவிடும் வழக்கம் தவறு. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று 2017இல் மகப்பேறு பலன் சட்டத் திருத்தமே சொல்லிவிட்டது. வளரும் வேகத்தில் அந்த 50ஐ எப்போது தாண்டினோம் என்பதே பல கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. 26 வார மகப்பேறு விடுப்பு கழித்துத் திரும்பி வருகிறவரைப் பழைய ப்ராஜெக்ட் இல்லாமல் 'பெஞ்ச்'சில், அதாவது வேலை ஒதுக்காமல், உட்காரவைத்தால், அவர் மூன்று மாதத்தில் போய்விடுவார், குழந்தை காரணமாக இருக்காது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஷாங்காயில் ட்ரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரிடம் ஆறு மாதம் நடத்தி, 2024இல் நேச்சர் இதழில் வந்தது. விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்கள், தொலைவிலிருந்து வருகிறவர்கள், மேலாளர் அல்லாதவர்கள் ஆகியோரிடம்தான் பலன் அதிகம் தெரிந்தது. பொள்ளாச்சியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் தினம் பஸ்ஸில் வருகிறவர்கள் உங்களிடம் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

போகிறவர்களிடம் கடைசி நாளில் கேட்கும் எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மை வராது. அனுபவச் சான்றிதழும் கணக்கு முடித்தலும் உங்கள் கையில் இருக்கும்போது யார் வாய் திறப்பார்கள்? மூன்று மாதம் கழித்து, அவருடைய லீட் அல்லாத ஒருவர் போன் செய்து, 'எந்த நாளில் முதன்முதலாக வேறு வேலை தேடலாம் என்று தோன்றியது, அன்று என்ன நடந்தது?' என்று கேட்கட்டும். காரணத்தைக் கேட்டால் நாகரிகமான பதில் வரும், நாளைக் கேட்டால் சம்பவம் வரும். கணக்கை இழுத்தடிப்பதையும் விடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தரச் சொல்கிறது. போகிறவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதை இருக்கிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நல்லபடி போனவர்களில் சிலர் திரும்பியும் வருவார்கள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். கைக்கு வரும் சம்பளத்தில் ஏமாற்றம், பழையவர் புதியவர் சம்பள இடைவெளி, தயாராகாத லீட் ஆகிய மூன்றும் வேகமாக வளரும் சேவை நிறுவனங்களில் விலகலை உண்டாக்குகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் 28 பேரில் எத்தனை பேர் எதனால் போனார்கள் என்பது உங்கள் தாளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை விளையாட்டு, ஊட்டி டூர், இலவச மதியச் சாப்பாடு ஆகியவை ஆளை நிறுத்துகின்றனவா என்பது சந்தேகமே. நன்றாக நடக்கும் கம்பெனியில் அவை சந்தோஷம், மோசமாக நடக்கும் கம்பெனியில் அவை எரிச்சலைக் கூட்டும். நான் சொன்னது எல்லாம் முப்பதிலிருந்து இருநூறு பேர் வரையுள்ள சாஃப்ட்வேர் நிறுவனத்துக்கு. ஷிஃப்ட், ஹாஸ்டல், ஒப்பந்தத் தொழிலாளர் உள்ள மில்லுக்கோ ஃபவுண்டரிக்கோ இதை அப்படியே பொருத்த வேண்டாம்.

வரிசை என்று கேட்டால், இந்த வாரம் எக்செல் தாள், இந்த மாதம் ஆஃபர் லெட்டரும் முதல் நாள் ஏற்பாடும், அடுத்த காலாண்டுக்குள் 0.85க்குக் கீழே உள்ளவர்களின் சம்பளம். லீட்களைத் தயார்செய்வதற்கு ஆறு மாதமாவது ஆகும். அது முடியும் வரை ஆள் எடுப்பதை மாதம் எட்டிலிருந்து நான்காகக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், ஒரு ப்ராஜெக்டை மறுக்க நேர்ந்தாலும் பரவாயில்லை. பலன் தெரியும் காலமும் ஒரே மாதிரி இருக்காது. 90 நாளுக்குள் போகிறவர்கள் எண்ணிக்கை அடுத்த காலாண்டிலேயே குறையும். லீட்களின் மாற்றம் தெரிய, இந்தக் காலாண்டில் சேருகிறவர்கள் ஒரு வருடம் முடிக்கும் வரை பொறுக்க வேண்டும். சம்பளத்தைத் திருத்திய முதல் இரண்டு மாதத்தில் விலகல் குறையாமல் இருந்தால் கலங்காதீர்கள், அப்போது போகிறவர்கள் அதற்கு முன்பே ஆஃபர் வாங்கி வைத்திருந்தவர்கள்.